ஜன்னலோர சீட்டில் என்ஜின்

உட்காராதீங்கண்ணா, உட்காராதீங்க. அங்கே ஆள் இருக்கிறது. வெறும் துண்டைப் போட்டு இடம் பிடித்திருக்கிறேன் என்று நினைக்காதீங்க. தூக்கிப் பாருங்க, தெரியும்.

ம். என்ஜின்தான். மூன்று சிலிண்டர், எழுபத்தெட்டு கிலோ. ஓசியில் ஒன்றும் உட்காரவில்லை, கோயமுத்தூர் காந்திபுரத்திலிருந்து புளியம்பட்டி வரைக்கும் முறையாக லக்கேஜ் டிக்கெட் எடுத்திருக்கிறேன். கீழே வைத்தால் என்ன என்று கண்டக்டரும் கேட்டார். வைக்கக் கூடாதுங்களே. அம்மன் பூ கொடுத்துச் சம்மதம் சொன்ன பொருள், வண்டியில் பூட்டுகிற வரைக்கும் தரையில் படக் கூடாது என்று எங்கள் மாமா சொல்லி அனுப்பியிருக்கிறார். பஸ்ஸில் தரை இல்லாத இடம் என்று பார்த்தால் சீட்டுதான் இருந்தது.

ஜன்னலோரம் எதற்கு என்றா கேட்கிறீங்க? இந்தப் பக்கம் வைத்தால் திருப்பத்தில் உருண்டு யார் காலிலாவது விழும். அந்தப் பக்கம் என்றால் நான் முட்டுக் கொடுத்துக்கொள்வேன். இப்போதே இரண்டு திருப்பத்துக்கு ஒரு தடவை விலாவில் வந்து சாய்கிறது. சாயட்டும். காலம் பூராவும் கூட இருக்கப் போகிற சாமான்.

நின்றுகொண்டு வருகிறீங்களே என்று எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் குனிந்துகொள்ளுங்க, சொல்லிக்கொண்டே வருகிறேன், நேரம் போவது தெரியாது. குனிந்தால்தான் கேட்கும். என் குரல் இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் நான் 'உள்ளேன் ஐயா' என்பது வாத்தியாருக்குக் கேட்காது. ஆப்சென்ட் போட்டுவிடுவார். வருகை பற்றவில்லை என்று ஒன்பதாம் வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைத்துவிட்டார்கள், ஒரு நாள்கூட லீவு போடாத என்னை. 'வந்தேனுங்க ஐயா, தினமும் வந்தேனுங்க' என்று சொன்னேன். அதுவும் கேட்கவில்லை.

பேர் சபாபதி. மாமா சென்னியப்பன் புளியம்பட்டியில் பந்தல் கடை வைத்திருக்கிறார். சேர், சீரியல் பல்பு, மணவறை, எல்லாம் உண்டு. கூடவே ஒரு காரும் உண்டு. ஹெரால்டு. அறுபத்தாறாம் வருஷத்து வண்டி, மேல்கூரையைக் கழற்றி வைத்துவிடலாம். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டுமே, அதற்கு. நான்தான் டிரைவர்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அன்னூரில் ஒரு கல்யாணம். ஊர்வலம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். மேளக்காரர் நாலடி வைத்து நின்று வாசிப்பார், வண்டியும் நாலடி போய் நிற்க வேண்டும். மணிக்கு ஒரு கிலோமீட்டர். எந்த என்ஜினாக இருந்தாலும் காயத்தானே செய்யும்? புகை வந்தது. மாமாவுக்குப் பதட்டம். பக்கத்தில் சோடா பெட்டியில் ஐஸ் தண்ணி இருந்தது, வாளியோடு எடுத்து என்ஜின் தலையில் கொட்டிவிட்டார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதாங்க. விரல் நுழைகிற அளவுக்கு விரிசல்.

'வெயில்டா மாப்ளே, இரும்பு தாங்குமா' என்றார் மாமா. அப்போது சாயங்காலம் ஆறரை மணி.

மாப்பிள்ளை பின்னால் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார், என்ன பண்ணுவது? நாதஸ்வரம் சிங்காரவேலு அண்ணன் தன் செட்டில் ஆறு பேரைத் தள்ளச் சொன்னார். தள்ளினார்கள். அங்கேதான் வினையே பிடித்தது. ஊர்வலம் பிரமாதமாக அமைந்துவிட்டது. புகை இல்லை, சத்தம் இல்லை, கல்யாணி ராகம் கடைசித் தெரு வரைக்கும் கேட்டது. பெண் வீட்டுப் பெரியவர் ஒருத்தர் மாமா கையைப் பிடித்து, 'இப்படி ஒரு வண்டிய நான் பாத்ததே இல்லீங்க, தேர் மாதிரி வருது' என்று கண் கலங்கினார். அந்த இடத்திலேயே மூன்று கல்யாணத்துக்குச் சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் ஒரே கண்டிஷன்: என்ஜின் போடக் கூடாது.

மாமா செத்த என்ஜினைக் கழற்றி எறிந்தார். பானெட்டுக்குள் நல்ல இடம் கிடைத்தது. பூக்கூடை வைத்தோம், அப்புறம் சோடா பெட்டி, அப்புறம் ஒரு ஜெனரேட்டர். ஆக, பானெட்டுக்குள் இப்போது ஒரு என்ஜின் இருக்கிறதுதான். நன்றாகவும் ஓடுகிறது. ஆனால் அது ஓடினால் சீரியல் பல்பு எரியும், வண்டி ஓடாது.

சிரிக்காதீங்கண்ணா. ஸ்டீயரிங் நான்தான் பிடிக்கிறேன். பிரேக் போடுகிறேன், ஹாரன் அடிக்கிறேன். நாலு வருஷத்தில் ஒரு விபத்து கிடையாது. எத்தனை டிரைவர் இப்படிச் சொல்ல முடியும்?

அந்த ஜெனரேட்டரின் காயில், உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் கம்பி, ஒரு நாள் கருகிவிட்டது. அன்னூரில் வெள்ளியங்கிரி ஐயா கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கிணற்று மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டுகிற கடை. உள்ளே ஒரு பக்கம் லேத் ஓடுகிறது, ஒரு பக்கம் கிரைண்டர் பொறி பறக்கிறது, காதில் ஒன்றும் விழாது. ஒரு பெண் உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். 'ஜெனரேட்டர் கருகிருச்சுங்க' என்றேன். அவள் தலையை நிமிர்த்தாமல், 'எத்தனை பல்பு போட்டீங்க?' என்றாள்.

யோசித்துப் பாருங்க. 'என்னது?' என்று கேட்கவில்லை. 'சத்தமாச் சொல்லுங்க' என்றும் சொல்லவில்லை. முதல் தடவையே கேட்டுவிட்டது. அந்த லேத் சத்தத்தில். என் வாழ்க்கையில் அப்படி நடந்ததே கிடையாதுங்க. அவள்தான் தாரணி. வெள்ளியங்கிரி ஐயாவின் ஒரே மகள்.

அதற்கு அப்புறம் அந்த ஜெனரேட்டர் மாதம் ஒரு தடவை கருகியது. ஏன் என்றே தெரியவில்லை. பல்பை மட்டும் நான் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன்.

ஆறேழு மாதம் கழித்து, அவளும் சரி என்ற பிறகு, அவள் அப்பாவிடம் போய் நின்றேன்.

'என்ன பண்றீங்க தம்பி?'

'டிரைவருங்க.'

'என்ன?'

'டிரைவருங்க.'

'டிரைவராம்ப்பா' என்று உள்ளே இருந்து தாரணி சொன்னாள்.

'எந்த வண்டி?'

சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். 'அந்த ஆறு பேர் தள்ளீட்டுப் போறதா? ஏனுங்க தம்பி, அதுக்குப் பேரு டிரைவரா?' என்றார். நான் விபத்து கிடையாது என்கிற விஷயத்தைச் சொன்னேன். கேட்கவில்லை போலிருக்கிறது. 'இத பாருங்க, நான் முப்பது வருசமா ஓடாத மோட்டார ஓட வெச்சு சோறு திங்கறவன். ஓடாத வண்டில உக்காந்து ஹாரன் அடிக்கற ஆளுக்கு எப்படிப் பொண்ணு குடுப்பேன்? ஒரு நாளைக்கு அந்த வண்டி தன் கால்ல வந்து என்ற வீட்டு வாசல்ல நிக்கட்டும். ஒருத்தன் கை வெக்கக் கூடாது. அன்னிக்குப் பேசிக்கலாம்' என்றார்.

நியாயம்தானே? நான் சரி என்று வந்துவிட்டேன். வாசல் வரைக்கும் தாரணி வந்தாள். 'எதுக்கு என்ஜினுக்கு அலையறீங்க? ஒரு மோட்டார் வெச்சுட்டாப் போச்சு' என்றாள். கிணற்று மோட்டார் கடையில் வளர்ந்த பெண், பாவம், எதைப் பார்த்தாலும் மோட்டார்தான் ஞாபகம் வரும். நான் சிரித்துக்கொண்டேன். கார் என்றால் என்ஜின் வேண்டும். ஸ்டார்ட் பண்ணினால் தெருவே திரும்பிப் பார்க்க வேண்டும். எனக்குத்தான் சத்தம் இல்லை, வண்டிக்காவது இருக்க வேண்டாமா?

இதெல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்ததுங்க. மூன்று வருஷமாக என்ஜின் தேடுகிறேன்.

கோயமுத்தூர்க்காரரா நீங்க? அப்படியென்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்ம பக்கத்தில் யாரிடமும் என்ஜினைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. டீ மாஸ்டர் ஒரு யோசனை சொல்வார், சலூன்காரர் பேப்பரில் படம் போட்டுக் காட்டுவார். எல்லோர் வீட்டிலும் யாராவது ஒருத்தர் பட்டறையில் இருப்பார். பல் பிடுங்கப் போனேன், டாக்டர் என் வாயில் கொறடை வைத்துக்கொண்டே 'டீசல்தான் பெஸ்ட்' என்றார். மறுத்துப் பேசவா முடியும்?

சரி டீசல் என்று உக்கடத்தில் பழைய இரும்புக் கடை ஜாகிர் பாயிடம் போனேன். அம்பாசிடரில் போடுகிற டீசல் என்ஜின் ஒன்று காட்டினார். மாமாவும் சிங்காரவேலு அண்ணனும் துணைக்கு வந்தார்கள். எனக்காக வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் வந்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். பாய் ஸ்டார்ட் பண்ணினார். சிங்காரவேலு அண்ணன் பையிலிருந்து நாதஸ்வரத்தை எடுத்தார்.

'இது எதுக்குங்க?' என்றார் பாய்.

'ஊர்வல வண்டிங்க. என்ஜின் நின்னு ஓடறப்ப சுருதி சேரோணும். இல்லேன்னா நான் எப்படி வாசிக்கறது?'

வாசித்தார். உக்கடத்தில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, 'இரண்டாவது சிலிண்டர் அபசுரமாப் பேசுது' என்றார். பாய் ஏதோ ஒரு திருகைத் திருகினார். 'இப்ப மூணாவது.' மறுபடி திருகினார். 'இப்ப எல்லாமே.' பாய் கையைத் துடைத்துக்கொண்டு, 'அண்ணே, நான் இரும்பு விக்கிறவன், கச்சேரி வெக்கல' என்று உள்ளே போய்விட்டார். நல்ல ஞானஸ்தர் எங்கள் சிங்காரவேலு அண்ணன். அவர் ஆட்களுக்குத் தள்ளுகிற கூலி போய்விடுமே என்றுகூடப் பார்க்காமல் வந்து சுருதி பார்த்துச் சொன்னார் பாருங்க.

அதற்கப்புறம் ஒரு ஆயில் என்ஜின் பார்த்தோம், கிணற்றில் தண்ணி இறைக்கிறது. அது போடுகிற 'டுக்கு டுக்கு' தவிலோடு சண்டை பிடித்தது. அன்றைக்குச் சாயங்காலம் தாரணியிடம் போனில் சொல்லி வருத்தப்பட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'மேட்டுல தள்றதுக்கு எத்தனை பேர் வேணும்? ஒவ்வொருத்தரும் எத்தனை கிலோ இருப்பாங்க? வண்டி எடை என்ன?' என்றாள். நான் எல்லாம் சொன்னேன். குறித்துக்கொண்டாள். அவளுக்கு எங்கள் ஆட்கள் மேல் இருக்கிற அக்கறையைப் பாருங்க. தள்ளுகிறவன் உடம்பு என்ன ஆகும் என்று கவலைப்படுகிறாள்.

எங்கே விட்டேன்? ஆங், ஆரம்பத்தில் சொன்னேனே, பூ. சுருதி சேர்ந்தாலும் மாமா விட மாட்டார், அம்மனிடம் பூ கேட்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? நம்ம பக்கத்தில் கிணறு வெட்ட, பெண் எடுக்க, எல்லாவற்றுக்கும் பூ கேட்டுத்தானே? அம்மனின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டி வைப்பார் பூசாரி. வலது பக்கத்துப் பூ விழுந்தால் சரி, இடது விழுந்தால் வேண்டாம். என்ஜினின் போட்டோவைத் தட்டில் வைத்துக் கேட்போம். பூசாரி மாமாவுக்குப் பங்காளி முறை, நமக்காக உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுச் சொல்வார். சன்னதியில் புழுக்கம் தாங்காது, மாமா உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக டேபிள் ஃபேனைப் போட்டு அம்மனின் இடது தோள் பக்கமாகத் திருப்பி வைப்பார். அம்மனுக்கும் வேர்க்குமல்லவா? அவ்வளவு பக்தி.

பதினொரு என்ஜினுக்குப் பூ கேட்டோம். பதினொன்றுக்கும் இடது.

அழுகையே வந்துவிட்டது. மாமா என் தோளைத் தட்டி, 'அம்மன் மனசுல என்னமோ இருக்குதுடா. அவசரப்படாதே. அடுத்த மாசம் ஏழு கல்யாணம் இருக்குது, அதைப் பாக்கலாம்' என்பார்.

இதற்கு நடுவில் தாரணி ஒரு நாள், கியர்பாக்ஸ் வாயின் அளவு வேண்டும் என்றாள். நூல் பிடித்து அளந்து, நூலையே அவளுக்குத் தபாலில் அனுப்பினேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பெண்கள் என்னென்னவோ ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

போன மாதம் இடி விழுந்தது. திருப்பூரிலிருந்து ஒருத்தர் அவளைப் பெண் பார்க்க வருகிறாராம், வருகிற ஞாயிற்றுக்கிழமை. சொந்தமாகப் பனியன் கம்பெனி. இரண்டு கார் வைத்திருக்கிறாராம், இரண்டும் ஓடுமாம். 'அதுக்குள்ள அந்தத் தம்பி வண்டி வந்தா வரட்டும், வராட்டி நான் வாக்குக் குடுத்துருவேன்' என்று வெள்ளியங்கிரி ஐயா சொல்லிவிட்டார். இன்றைக்குப் புதன். இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது எனக்கு.

பதறிப் போய் அன்னூருக்கு ஓடினேன். தாரணி கடையில் இருந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அவள், 'நல்ல வேளை வந்தீங்க, வாங்க' என்று கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய் எட்டு பேட்டரி வாங்கினாள். எட்டும் லாரி பேட்டரி சைஸ். எல்லாவற்றையும் நான்தான் சுமந்து அவர்கள் கடையில் இறக்கினேன். இந்த இடுப்பு வலி அப்போது பிடித்ததுதான். அன்னூரில் அவ்வளவு கரண்டு கட் போலிருக்கிறது. அந்தத் துக்கத்திலும் கடையை விடாமல் பார்த்துக்கொள்கிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு தடவை பூ கேட்கப் போனேன். மாமா வரவில்லை. அன்னூரில் ஏதோ பெரிய இடத்துக் கல்யாணமாம், நம்ம ஹெரால்டை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பத்து நாளாக வண்டி அங்கேதான் இருக்கிறது. பத்து நாள் கல்யாணம்! அந்தக் காலத்து ஜமீன் குடும்பமாக இருக்கும். சிங்காரவேலு அண்ணனும் அங்கேதான் வாசிக்கப் போயிருக்கிறார். நான் தனியாகவே பூசாரி முன்னால் உட்கார்ந்தேன். தட்டில் வைத்தது இதோ, இந்த என்ஜினின் போட்டோ. அன்றைக்குப் பார்த்துக் கரண்டு இல்லை. ஃபேன் ஓடவில்லை, சன்னதியே வெந்துகொண்டிருந்தது. அம்மன் அப்படியே என்னைப் பார்க்கிறாள். ஐந்து நிமிஷம் இருக்கும். வலது பக்கத்துப் பூ பொத்தென்று விழுந்தது!

பூசாரிக்கே முகம் வெளுத்துவிட்டது. அவருக்கும் மெய்சிலிர்த்திருக்கும்.

உடனே மாமாவுக்கு போன் போட்டேன். அவர் அதைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் யாரிடமோ, 'பூ குடுத்துருச்சாம் புள்ள, என்ன பண்றது?' என்று கேட்டார். ஒரு பெண் குரல் சிரித்தது. அப்புறம், 'சரிடா மாப்ளே, புதன்கிழமை நல்ல நாள், போய் வாங்கிட்டு வா. டெம்போவெல்லாம் கெடைக்காது, பஸ்லயே வா. மூணு மணி பஸ்ஸப் புடி, அன்னூர்ல நின்னு போற பஸ். தரைல மட்டும் வெச்சராதே' என்றார். பஸ் நேரம் வரைக்கும் ஞாபகம் வைத்துச் சொல்கிறார் பாருங்க. தாய்மாமன் என்றால் சும்மாவா?

இனி புளியம்பட்டிக்குப் போய் இதைப் பூட்டி, ஓட்டிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அன்னூருக்கு... வண்டி அந்தக் கல்யாணத்திலிருந்து திரும்பி வர வேண்டும் முதலில். அதை நான் யோசிக்கவே இல்லையே.

அன்னூர் வந்துவிட்டது. பத்து நிமிஷம் நிற்கும், டீ குடிக்கிறதென்றால்...

அண்ணா. ஜன்னல் வழியாகக் கொஞ்சம் பாருங்க. என்ஜினுக்கு மேலே எட்டிப் பாருங்க. அந்த நீலக் கார் எங்கள் ஹெரால்டு மாதிரி இல்லை? எங்கள் ஹெரால்டேதான். முன்னால் மாமா உட்கார்ந்திருக்கிறார். பின்னால் மாப்பிள்ளை சீட்டில்... அது வெள்ளியங்கிரி ஐயா. பக்கத்தில் சிங்காரவேலு அண்ணன். ஊதுகிறார், கேட்கிறதா? என் இடத்தில் ஸ்டீயரிங் பிடிப்பது யார்?

தாரணி.

பின்னால் தள்ளுகிறவர்கள் தெரிகிறார்களா உங்களுக்கு? எனக்கு ஒருத்தர்கூடத் தெரியவில்லை. குனிந்து தள்ளுகிறார்களோ? இங்கே இறக்கம்கூட இல்லைங்களே. மேடல்லவா இது?

பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே கொண்டு வந்து நிறுத்துகிறாள். சத்தமே இல்லை. நாதஸ்வரம் மட்டும்தான் கேட்கிறது. 'இறங்குங்க' என்கிறாள். தாரணி, என்ன இது? என்ன ஓடுது உள்ளே?

மோட்டாராம். அவளே காயில் கட்டினாளாம். பானெட்டுக்குள் எட்டு பேட்டரியாம். மூன்று வருஷமாகச் சொல்கிறாளாம்.

சொன்னாளாங்கண்ணா? காந்திபுரத்திலிருந்து இவ்வளவு நேரம் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு வந்தேனே, அதில் எங்கேயாவது வந்ததா?

நாலு இடத்திலா?

பேட்டரியையும் சேர்த்தா?

ஐயா என்னமோ சொல்கிறார், இருங்க. 'என்ற வாசல்லருந்து கெளம்பி, ஊரச் சுத்தீட்டு, தன் கால்லயே என்ற வாசலுக்குத் திரும்புது. ஒருத்தன் கை வெக்கல. அவ ஓட்டுனா என்ன, நீ ஓட்டுனா என்ன' என்கிறார். 'நீ பேசறதும் கேக்கறதில்ல, இது ஓடறதும் கேக்கறதில்ல, ரெண்டும் ஜோடிதான்' என்கிறார். சிரிக்கிறார், பாருங்க. அவருக்குப் பல் இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

மாமா மட்டும் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார். ஃபேனா? எந்த ஃபேன்? என்னமோ மன்னிச்சுக்கோ என்கிறார், எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.

நான் இறங்குகிறேன் அண்ணா. வண்டியில் ஒரு இடம்தான் பாக்கி இருக்கிறது, மாப்பிள்ளை சீட்டில், ஐயாவுக்கும் நாதஸ்வரத்துக்கும் நடுவில். ஸ்டீயரிங்கை அவள் விட மாட்டாள் போலிருக்கிறது. போகட்டும். நாலு வருஷம் நான் பிடித்தாயிற்று.

நீங்க என் இடத்தில் உட்காருங்க. கால் வலித்திருக்கும். இதற்குப் புளியம்பட்டி வரைக்கும் டிக்கெட் இருக்கிறது, பாதியில் இறக்கினால் பாவம். அம்மன் கொடுத்தது வேறு. பஸ் ஸ்டாண்டில் பந்தல் கடை சென்னியப்பனுக்கு என்று சொல்லி யாரிடமாவது இறக்கிக் கொடுத்துவிட்டுப் போங்க, போதும். ஆனால் தரையில் வைக்கச் சொல்லாதீங்க.

திருப்பம் வந்தால் உங்கள் பக்கம் சாயும். ஒன்றும் பண்ணாது. சாய்ந்துகொள்ள விடுங்க.